மூளையைப் படம் பிடித்தவர்களும் மனதைத் தேடியவர்களும்

"ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, மூளையில் ஒன்றும் இல்லையாம்." மனநோய்க்கு ஆளான ஒருவர் இருக்கும் வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டிராதவர்கள் எம்மவரிடையே மிகக் குறைவாகவே இருப்பர். அதைச் சொல்பவரின் குரலில் ஆறுதலும் ஏமாற்றமும் கலந்திருக்கும். கட்டி இல்லை, இரத்தக்கசிவு இல்லை என்பது ஆறுதல். அப்படியானால் பிள்ளைக்கு என்னதான் நேர்ந்தது என்ற கேள்வி அப்படியே நிற்பது ஏமாற்றம். சில வீடுகளில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்வதுண்டு. மூளையில் ஒன்றும் இல்லாவிட்டால் இவன் நடிக்கிறானோ என்ற சந்தேகம்தான் அது. நோயாளிக்கு இழைக்கப்படும் கொடுமைகளில் இது சிறியதன்று. ஒரு படத்தின் மீது நாம் இவ்வளவு நம்பிக்கை வைக்க நேர்ந்தது எவ்வாறு, அந்த நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்பதற்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

உயிருள்ள மனிதரின் மூளை இயங்குவதை அளந்து பார்க்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர், இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த உடற்றொழிலியல் அறிஞர் அஞ்சலோ மொஸ்ஸோ. தலையில் பட்ட காயத்தால் மண்டையோட்டில் இடைவெளி ஏற்பட்டிருந்த பெர்ட்டினோ என்ற விவசாயியின் மூளைத் துடிப்பை அவர் கருவி ஒன்றின் மூலம் பதிவுசெய்து வந்தார். ஒருநாள் நண்பகலில் தேவாலய மணி ஒலித்தது. அந்தக் கணத்தில் மூளைத் துடிப்பின் வீச்சு அதிகரித்ததை மொஸ்ஸோ கண்டார். கையில் ஓடிய குருதியிலோ மாற்றம் எதுவும் இல்லை. மணியோசை கேட்டதும் பிரார்த்தனை நினைவுக்கு வந்ததா என்று கேட்டபோது பெர்ட்டினோ ஆம் என்றார். மனக்கணக்கு ஒன்றைச் செய்யச் சொன்னபோதும் துடிப்பு அதிகரித்தது. சிந்திக்கும் மூளைப் பகுதிக்குக் குருதி கூடுதலாகப் பாய்கிறது என்ற இந்த அவதானிப்பு 1880களின் தொடக்கத்தில் நூலாக வெளிவந்தது. ஒரு நூற்றாண்டின் பின்னர் கோடிக்கணக்கான டொலர் செலவில் அமைக்கப்பட்ட இயந்திரங்களும் இதே அடிப்படையில்தான் இயங்கின.

1895 இல் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ரண்டோல்ஃப் ஹேர்ஸ்ட், மனித மூளையை எக்ஸ் கதிரால் படம் பிடித்துத் தருமாறு தோமஸ் எடிசனைக் கேட்டுக்கொண்டார். எடிசனின் ஆய்வுகூடத்துக்கு வெளியே நிருபர்கள் காத்துக் கிடந்தனர். படம் கிடைக்கவில்லை. மூளை தொடர்பான ஆராய்ச்சியில் எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்னால் ஓடத் தொடங்கியது அன்றுதான் போலும். எக்ஸ் கதிருக்கு எலும்பு தெரியும். அதற்குள் இருக்கும் மென்மையான மூளை தெரியாது. நீரும் மூளையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் மறைந்துவிடும்.

இந்தத் தடையைத் தாண்டியவர் பல்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய இளம் சத்திரசிகிச்சை நிபுணர் வோல்ட்டர் டான்டி. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உள்ளன. அந்த நீரை வெளியேற்றி அவ்விடத்தில் காற்றைச் செலுத்தினால் அறைகளின் வடிவம் எக்ஸ் கதிர்ப் படத்தில் நிழலாகத் தெரியும் என்பதை அவர் 1918 இல் காட்டினார். அறை ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் மறுபக்கத்தில் கட்டி ஒன்று தள்ளுகிறது என்று ஊகிக்கலாம். 1919 இல் முதுகுப்புறத்தில் ஊசியேற்றி முண்ணாண் வழியாகக் காற்றைச் செலுத்தும் முறையையும் அவர் வெளியிட்டார். நோயாளி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. காற்று அறைக்கு அறை நகர்வதற்காக அவரைக் கதிரையில் கட்டி முன்னும் பின்னும் கவிழ்ப்பார்கள். தாங்கவொண்ணாத தலையிடியும் வாந்தியும் வரும். அவை பல நாள்கள் நீடிப்பதும் உண்டு. இந்த முறை 1970கள் வரை உலகெங்கும் வழக்கில் இருந்தது.

மனநோயாளிகளின் மூளையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி முதன்முதலில் விடை தேடி வந்ததும் இந்தக் காற்றுப் படத்திடம்தான். 1927 இல் ஜேர்மனியில் ஜக்கோபி, விங்க்ளர் என்ற இருவர் மனச்சிதைவு நோயாளிகள் 19 பேரை இம்முறையில் படம் பிடித்து, அவர்களுள் 18 பேருக்கு மூளையின் உள்ளறைகள் விரிந்திருப்பதாக அறிவித்தனர். கண்டுபிடிப்பு முக்கியமானது. எனினும் அதை உறுதிப்படுத்தும் வழி அன்று இல்லை. ஒரு நோயாளியின் மூளையறை பெரிதா என்று சொல்ல வேண்டுமானால் நோயற்றவரின் மூளையறை எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். சித்திரவதைக்கு ஒப்பான ஒரு சோதனையை நோயற்ற மனிதருக்கு எந்த வைத்தியர் செய்வார்? ஒப்பிடுவதற்கு ஆளில்லாமல் அந்தக் கேள்வி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்தது.

அதே 1927 இல் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரில் எகாஸ் மொனிஸ் இன்னொரு வழியைத் திறந்தார். கழுத்து நாடிக்குள் எக்ஸ் கதிரில் தெரியக்கூடிய திரவத்தைச் செலுத்தி, மூளையின் குருதிக்குழாய்களை ஒரு மரத்தின் கிளைகளைப் போலப் படத்தில் விழச் செய்தார். நாட்டின் வெளிநாட்டமைச்சராகவும் இருந்த இவருக்கு நொபெல் பரிசு 1949 இல் கிடைத்தது. ஆனால் அது இந்தப் படத்துக்காக அன்று. 1935 இல் அவர் தொடக்கிவைத்த, மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சைக்காகவே அப்பரிசு வழங்கப்பட்டது. குருதிக்குழாயைக் கண்ணால் காணச் செய்த அதே மனிதர், மனநோய்க்குச் சிகிச்சை என்று வந்தபோது, எதைத் துண்டிக்கிறோம் என்பதைக் காணாமலே துண்டிக்கும் முறையை உலகுக்குக் கொடுத்தார். பல்லாயிரக்கணக்கான நோயாளிகள் அதற்கு உள்ளாகினர். அவர்களுள் பலர் அமைதியடைந்தனர் என்று அறிக்கைகள் கூறின. அந்த அமைதியின் மறுபெயர் என்ன என்பதை அவர்களின் குடும்பத்தவர்கள் அறிவர்.

இடையில் அமெரிக்கரான சீமோர் கெற்றி, மூளை முழுவதும் செலவிடும் ஒட்சிசனை அளக்கும் முறையொன்றை உருவாக்கி 1948 இல் அதை மனச்சிதைவு நோயாளிகளிடம் பரீட்சித்தார். நோயாளியின் மூளைக்கும் மற்றவரின் மூளைக்கும் வேறுபாடே இல்லை என்ற முடிவு கிடைத்தது. பிழையான எண்ணத்தை எண்ணுவதற்கும் சரியான எண்ணத்தை எண்ணுவதற்கும் ஒரே அளவு ஒட்சிசன்தான் வேண்டும் என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. மொத்தக் கணக்கில் ஒளிந்திருப்பதைக் காண வேண்டுமானால் மூளையைப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கதவைத் திறந்தவர் ஒரு வைத்தியர் அல்லர்; பல்கலைக்கழகப் பட்டதாரியும் அல்லர். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம்ஷயரில் விவசாயக் குடும்பமொன்றில் 1919 இல் பிறந்த கொட்ஃப்றி ஹவுன்ஸ்ஃபீல்ட், உலகப் போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார் வேலை பழகி, பின்னர் பொறியியல் டிப்ளோமா ஒன்றைப் பெற்று, ஈ.எம்.ஐ நிறுவனத்தில் பொறியியலாளராகச் சேர்ந்தவர். மூடிய பெட்டி ஒன்றைத் திறக்காமல், எல்லாப் பக்கங்களிலிருந்தும் கதிரை ஊடுருவச் செய்து அளவெடுத்தால் உள்ளே இருப்பதைக் கணித்துவிட முடியும் என்ற எண்ணம் 1967 அளவில் அவருக்கு உதித்தது. குறுக்கும் நெடுக்கும் கூட்டுத்தொகைகள் மட்டும் தரப்பட்ட எண்சதுரத்தை நிரப்பும் புதிரைப் போன்றதே இது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் முன்னும் பின்னும் உள்ள யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடுகின்றன. இவரோ மூளையைப் பாணைத் துண்டு துண்டாக வெட்டுவதுபோலக் கற்பனையில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே கணித்தார்.

முதற் கருவி ஒரு பொருளைப் படம்பிடிக்க 9 நாள்கள் எடுத்தது. சோதனைக்காக இறைச்சிக்கடை மாட்டு மூளையை அவர் லண்டன் நகரின் பொதுப் போக்குவரத்தில் காவிச் சென்றதாகச் சொல்வார்கள். விம்பிள்டனில் இருந்த அட்கின்ஸன் மோர்லி வைத்தியசாலையின் கதிரியக்க நிபுணர் ஜேம்ஸ் அம்ப்ரோஸ் அவருக்குத் துணை நின்றார். 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி, மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட பெண்ணொருவர், நீர் நிறைந்த இறப்பர் உறைக்குள் தலையை வைத்துப் படுத்தார். 180 கோணங்களில், ஒவ்வொன்றிலும் 160 அளவீடுகள். ஒரு துண்டுக்கு மொத்தம் 28,800. காந்த நாடாவில் பதிந்த அந்த எண்களை நிறுவனத்தின் கணினிக்கு எடுத்துச் சென்று கணக்கிட்டபோது, 6,400 சிறு சதுரங்கள் கொண்ட படத்தில் கட்டி வட்டமாகத் தெரிந்தது. மண்டையோட்டைத் திறந்த சத்திரசிகிச்சை நிபுணர், படத்தில் கண்டவாறே கட்டி இருந்ததைக் கண்டார். நோயாளிக்குத் தலையிடி இல்லை, வாந்தி இல்லை, ஊசிகூட இல்லை.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் இசைத்தட்டுகளால் ஈ.எம்.ஐ ஈட்டிய பணமே சி.ரி. ஸ்கேனைப் பிறப்பித்தது என்ற கதை பத்திரிகைகளில் அடிக்கடி வரும். கேட்க இனிமையான கதைதான். ஆனால் பணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தது பிரித்தானிய அரசின் சுகாதாரத் திணைக்களம் என்பதைப் பின்னாளைய ஆய்வாளர்கள் கணக்குக் காட்டி நிறுவியுள்ளனர். ஹவுன்ஸ்ஃபீல்டுடன் 1979 இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அலன் கோர்மக்கின் கதை இன்னும் சுவையானது. தென்னாபிரிக்கரான இவர் இதற்குரிய கணிதத்தை 1963 இலும் 1964 இலுமே வெளியிட்டிருந்தார். வைத்திய உலகம் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு வந்த விரல்விட்டு எண்ணத்தக்க விசாரிப்புகளுள் ஒன்று சுவிற்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்தது!

நரம்பியலில் சி.ரி. ஸ்கேன் செய்த மாற்றத்துக்கு ஓர் உதாரணம் போதும். பாரிசவாதம் வந்தவருக்கு மூளையில் குருதிக்குழாய் அடைத்தும் இருக்கலாம், வெடித்தும் இருக்கலாம். வெளியில் அறிகுறி ஒன்றே: கை கால் விழும், வாய் கோணும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பயன்தரும் என்று 1995 இல் நிரூபிக்கப்பட்டது. வெடித்தவருக்கு அதே மருந்தை ஏற்றினால் அவர் இறக்கவும் கூடும். சில மணித்தியாலங்களுக்குள் இவ்விரண்டையும் பிரித்தறிய ஸ்கேனை விட்டால் விரைவான வழி இல்லை. இங்கே கேள்வி தெளிவானது: குருதி கசிந்திருக்கிறதா, இல்லையா? படம் அதற்கு ஒரே சொல்லில் விடை கூறுகிறது. வாசகர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் மனநோய்க்கு இவ்வளவு தெளிவான கேள்வி எதுவும் கிடைக்கவில்லை.

வலியில்லாத படம் வந்ததும், 1927 இல் கிடப்பில் போடப்பட்ட விடயம் மீண்டும் எழுந்தது. நோயற்றவர்களையும் இனித் தயக்கமின்றிப் படம் பிடிக்கலாம் அல்லவா? லண்டனின் வடமேற்கே உள்ள நோர்த்விக் பார்க் ஆய்வு நிலையத்தில் ஈவ் ஜோன்ஸ்டன் என்ற இளம் உளமருத்துவரும் ரிம் குறோவும் அவர்களது சகாக்களும் நெடுங்கால மனச்சிதைவு நோயாளிகள் 17 பேரையும், ஒப்பிடுவதற்கு நோயற்றவர்கள் 8 பேரையும் ஸ்கேன் செய்தனர். நோயாளிகளின் மூளையறைகள் பெரிதாக இருந்தன. 1976 இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியான அந்தச் சிறு கட்டுரை உளமருத்துவத்தின் போக்கையே மாற்றியது எனலாம்.

இதன் முக்கியத்துவத்தை உணர வேண்டுமானால் அதற்கு முந்திய காலத்தை நினைக்க வேண்டும். மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து, 1948 இல் ஃப்ரீடா ஃப்ரொம்-றைக்மன் எழுதிய கட்டுரையின் பின்னர், அமெரிக்க உளமருத்துவத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த தாய்மாரிடமே, நீதான் இந்த நோயைக் கொடுத்தாய் என்று படித்தவர்கள் சொன்ன காலம் அது. எம்மூரில் பேயென்றும் பில்லிசூனியமென்றும் சொன்னவர்கள்கூட அந்தப் பழியைத் தாயின் தலையில் இறக்கவில்லை. 17 நோயாளிகளின் மூளைப் படங்கள் அந்தப் பழியைத் துடைக்கத் தொடங்கின. ஸ்கேன் இயந்திரம் மனநோயாளரின் குடும்பங்களுக்குச் செய்த மிகப்பெரிய உபகாரம் இதுவே என்பது எனது கருத்து. அதனால் எந்த நோயாளியும் குணமடையவில்லை. ஆனால் பல தாய்மார் நிமிர்ந்து நடந்தனர்.

உபகாரம் விரைவிலேயே நீதிமன்றப் படியேறியது. 1981 மார்ச் 30 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி றேகன் மீது ஜோன் ஹிங்லி துப்பாக்கிப் பிரயோகம் செய்தார். மறு ஆண்டு நடைபெற்ற வழக்கில் ஹிங்லியின் மூளையின் சி.ரி. படங்களை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் முன்வைத்தனர். மூளையின் மேற்பரப்பு வரிப்பள்ளங்கள் அவரது வயதுக்கு வழமையானதைவிட அகன்றிருப்பது மனச்சிதைவு நோய்க்குச் சான்று என்பது அவர்களின் வாதம். முதலில் மறுத்த நீதிபதி பின்னர் படங்களை ஏற்றுக்கொண்டார். சித்த சுவாதீனமின்மை காரணமாகக் குற்றவாளி அல்லர் என்று 1982 ஜூன் மாதத்தில் தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்கு அந்தப் படம் எவ்வளவு காரணம் என்று எவரும் அளந்துவிட முடியாது. ஆனால் அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மனச்சிதைவு நோயாளர் பலரின் மூளையை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி பார்த்தால் வேறுபாடு தெரிகிறது என்பது உண்மை. அதற்காக அத்தகைய மூளை உள்ளவர் யாவரும் நோயாளி ஆகிவிடுவாரா? பள்ளம் அகன்ற மூளையுடன் சுகமாக வாழ்ந்து மறைபவர்கள் எத்தனையோ பேர். ஒல்லாந்தர் சராசரியில் எம்மைவிட உயரமானவர்கள் என்பதற்காக, உயரமான ஒருவரைக் கண்டவுடன் ஒல்லாந்தர் என்று சொல்லிவிட இயலுமா?

1990 இல் அமெரிக்காவில் வெளியான இரட்டையர் ஆய்வு இந்த முடிச்சை அழகாகக் காட்டியது. உருவொத்த இரட்டையர் 15 சோடிகள்; ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்கு மட்டுமே மனச்சிதைவு நோய். எம்.ஆர்.ஐ படத்தில் நினைவாற்றலுடன் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, இடப்பக்கத்தில், 14 சோடிகளில் நோயுற்றவருக்கே சிறியதாக இருந்தது. மரபணு ஒன்று, முகம் ஒன்று, மூளை மட்டும் வேறு. ஆயினும் அந்தச் சிறுமையைக் காண்பதற்கு இன்னோர் இரட்டையர் பக்கத்தில் தேவைப்பட்டார். தனியே வரும் நோயாளிக்கு அத்தகைய கண்ணாடி ஏது? நெடுங்காலம் உட்கொள்ளும் மருந்துகளும் மூளையின் பருமனைக் குறைக்கக்கூடும் என்ற ஐயம் 2011 இல் வெளியான நீண்டகால ஆய்வொன்றால் வலுப்பெற்றதும் இங்கே குறிப்பிடத்தக்கது. நோய் செய்ததா, மருந்து செய்ததா என்று பிரிப்பது எளிதாக இல்லை.

எம்.ஆர்.ஐ பற்றிச் சில சொற்கள். எக்ஸ் கதிரின்றி, உடலில் உள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து வானொலி அலையால் தட்டி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையைப் படமாக்கும் முறை இது. 1973 இல் போல் லோட்டபர் இதற்கு வழிகாட்டினார். பீற்றர் மான்ஸ்ஃபீல்ட் அதை விரைவாக்கினார். 2003 இல் இருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தபோது, புற்றுநோய்க் கலங்களின் காந்தச் சமிக்ஞை வேறுபடுவதை 1971 இல் காட்டியிருந்த றேமன்ட் டமாடியன் தமக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று நியூயோர்க், வோஷிங்டன் நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். விளம்பரத்தால் நொபெல் பரிசு மாறியதாக வரலாறு இல்லை.

இந்த இயந்திரத்தின் ஆற்றல் லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் 1981 இல் வெளிப்பட்டது. நரம்பிழைகளின் உறை சிதைந்து தழும்பாகும் நோயுள்ள 10 பேரை அங்கு படம் பிடித்தனர். சி.ரி. ஸ்கேன் காட்டிய தழும்புகள் 19, எம்.ஆர்.ஐ அவற்றுக்கு மேலதிகமாகக் காட்டியவை 112. இன்று கண் மங்கும், நாளை கால் மரக்கும், அடுத்த மாதம் யாவும் சரியாகும் என்ற இயல்புடைய இந்நோய் பெண்களையே கூடுதலாகப் பீடிக்கிறது. இவளுக்கு ஒன்றுமில்லை, நரம்புத்தளர்ச்சி, மனப்பிரமை என்று பழைய காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். 112 வெண்புள்ளிகள் அவர்களின் சார்பில் பேசின. ஆனால் இதை வைத்துத்தான் நாம் தவறான பாடத்தைப் படித்துக்கொண்டோமோ என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. படத்தில் தெரிந்த பிறகே அவர்களின் துன்பம் மெய்யாயிற்று என்றால், படத்தில் தெரியாதவரின் துன்பம் என்னவாகும்?

கதிரியக்கப் பொருளொன்றைச் சிறிதளவு உடலில் செலுத்தி மூளையின் இரசாயனத்தையே படமாக்கும் பெட் ஸ்கேன் 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உருவாயிற்று. வலிப்பு எழும் இடத்தையும், பார்க்கின்ஸன் நோயில் டொபமின் குறைவதையும் அது காட்டியது. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் எம்.பி.ரி.பி என்ற நச்சு கலந்த போலிப் போதைமருந்தை ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர் ஒரே வாரத்தில் பார்க்கின்ஸன் நோயாளர்போல் உறைந்து போயினர். அதே மருந்தை ஏற்றியும் அறிகுறி எதுவும் காட்டாத நால்வரை 1985 இல் பெட் ஸ்கேன் செய்தபோது அவர்களின் டொபமின் ஏற்கெனவே குறைந்திருந்தது. நோய் வெளிப்படுமுன்பே மூளையில் தடம் பதிந்துவிடுகிறது என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. அல்ஸைமர் நோயும் அவ்வாறே. அலோய்ஸ் அல்ஸைமர் 1906 இல் இறந்த பெண்ணின் மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் கண்ட புரதப் படிவுகளை, 2002 இல் உப்சாலாவில் உயிருள்ள மனிதரிடமே பெட் ஸ்கேன் மூலம் கண்டனர். அதன் பலாபலனை 2004 இல் வெளியிட்டனர். அந்தப் படிவை அகற்றும் லெகனெமாப் என்ற மருந்துக்கு 2023 இல் அமெரிக்கா முழு அங்கீகாரம் வழங்கியது. அதைத் தொடங்குமுன் படிவு இருப்பதைப் பெட் ஸ்கேனாலோ வேறு சோதனையாலோ உறுதிப்படுத்த வேண்டும்.

1990 இல் சேய்ஜி ஒகாவா, குருதியில் உள்ள ஒட்சிசனின் அளவுக்கேற்பக் காந்தச் சமிக்ஞை மாறுவதைக் காட்டினார். கதிரியக்கமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். மூளையின் எப்பகுதி வேலை செய்கிறது என்பதை எம்.ஆர்.ஐ இயந்திரமே சொல்லும். மொஸ்ஸோவின் விவசாயி திரும்பி வந்துவிட்டார், மண்டையோட்டில் துவாரம் இல்லாமலே! அதே ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் மூளைக்கான பத்தாண்டைப் பிரகடனம் செய்தார். காதல், பயம், பொய், பக்தி என்று ஒவ்வொன்றுக்கும் மூளையில் வண்ணம் தீட்டிய படங்கள் உலகப் பத்திரிகைகளை நிறைத்தன. அந்த வண்ணம் மூளையில் இல்லை. புள்ளிவிபரக் கணக்கின் முடிவில் கணினி பூசுவது என்பதை எழுதியவர்கள் எம்மில் மிகச் சிலரே.

அந்தக் கணக்கு எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதை 2009 இல் கிரெய்க் பெனற் என்ற ஆய்வாளர் வேடிக்கையாகக் காட்டினார். இறந்துபோன சமன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ இயந்திரத்தில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களின் உணர்ச்சி என்ன என்று 'கேட்டார்'. தேவையான திருத்தங்களைச் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையில் சில புள்ளிகள் ஒளிர்ந்தன. 2016 இல் வெளியான ஆய்வொன்றோ வேடிக்கைக்கு இடம்வைக்கவில்லை. வழக்கிலிருந்த மென்பொருள்கள், 5 வீதத்துக்கு மேல் போகக்கூடாத பொய் முடிவுகளைச் சில சந்தர்ப்பங்களில் 70 வீதம் வரை தரக்கூடும் என்று அது காட்டியது.

மனநோயைக் கண்டறிய உதவக்கூடிய மூளைப்படம் எதுவும் இன்னும் பயன்பாட்டுக்குத் தயாராகவில்லை என்று அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் ஆய்வுக்குழு 2012 இல் அறிக்கையிட்டது. 2018 இல் மீண்டும் பார்த்தபோதும் அதே முடிவே. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவகத்தை 2002 முதல் 2015 வரை 13 ஆண்டுகள் வழிநடத்திய ரொம் இன்செல், தமது காலத்தில் ஏறத்தாழ 2,000 கோடி டொலர் செலவிட்டும் தற்கொலையையோ வைத்தியசாலை அனுமதிகளையோ குறைக்க முடியவில்லை என்று பதவி விலகிய பின் வெளிப்படையாகக் கூறினார். 2022 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஆய்வு, மூளைப்படத்துக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் தேவை என்றும், அதுவரையான ஆய்வுகளிலோ பொதுவாக ஏறத்தாழ 25 பேரே இருந்தனர் என்றும் காட்டியது.

இயந்திரம் போதாது என்பது இதற்கு முழுக் காரணமாக எனக்குப் படவில்லை. மனச்சிதைவு, மனச்சோர்வு என்பன மூளையில் ஓரிடத்தைப் பார்த்து இட்ட பெயர்கள் அல்ல. நோயாளி சொல்வதையும் செய்வதையும் கேட்டும் பார்த்தும் வைத்தியர்கள் தொகுத்த அறிகுறிகளின் பெயர்கள். ஒரே பெயரைத் தாங்கிய இருவரிடம் பொதுவான அறிகுறி மிகக் குறைவாக இருக்கவும் கூடும். ஐந்தாறு நோய்களுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிட்டு, அந்தப் பெயருக்குரிய படத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கனடாவில் ஹெலன் மேபேர்க் குழுவினர் பெட் ஸ்கேன் காட்டிய ஓரிடத்தில் மின்முனை பதித்து, எந்தச் சிகிச்சைக்கும் மசியாத மனச்சோர்வுடைய 6 பேரில் 4 பேரைத் தேற்றியதாக 2005 இல் அறிவித்தனர். அதை விரிவாகச் செய்த பரீட்சை பயன் தெரியாமல் இடையில் நிறுத்தப்பட்டது. அந்த நால்வர் தேறியது உண்மை. அவர்களைப் போன்றவர்கள் யார் என்று முன்கூட்டியே சொல்லத்தான் தெரியவில்லை.

ஆகவே மனநோய்க்கு முதன்முறை ஆளானவருக்கு இன்று ஸ்கேன் எடுக்கப்படுவது கட்டி, கசிவு, அழற்சி போன்ற வேறு நோய்கள் இல்லை என்று உறுதிசெய்வதற்கே. 'ஒன்றும் இல்லை' என்ற அறிக்கையின் பொருள், அந்த வேறு நோய்களுக்கு உரிய தடயம் படத்தில் இல்லை என்பது மட்டுமே. நோயாளிக்கு நோய் இல்லை என்று அந்தத் தாளில் எங்கும் எழுதப்படவில்லை.

கேள்வி தெளிவாக இருக்கும்போது படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்லி நிறுத்துகிறேன். 2006 இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர், வீதி விபத்தில் சிக்கி உணர்வற்ற நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ இயந்திரத்தில் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யும்படி கூறினர். விளையாட்டை எண்ணும்போது எமது மூளையில் எப்பகுதி இயங்குமோ அப்பகுதி அவரிடமும் இயங்கியது. வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாக எண்ணச் சொன்னபோது வேறு பகுதி இயங்கியது. இதையே மொழியாக்கினர்: ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு. 2010 இல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளாக உணர்வற்றவர் எனக் கருதப்பட்ட ஓர் இளைஞரிடம் இவ்விதம் தந்தையின் பெயர் முதலான ஆறு கேள்விகள் கேட்கப்பட்டன. ஐந்துக்கு அவர் சரியான விடை அளித்தார். 2024 இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டிலருகே கொடுத்த கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேர் எம்.ஆர்.ஐ அல்லது மூளை மின்னலைப் பதிவு மூலம் கட்டளையைப் பின்பற்றியது தெரியவந்தது.

அந்த இளைஞரிடம் கேட்ட ஆறாவது கேள்விக்குப் பிழையான விடையும் வரவில்லை. இரண்டு பகுதிகளிலும் இயக்கமே இல்லை. அவர் உறங்கினாரா, களைத்தாரா, கேள்வி கேட்கவில்லையா, பதில் சொல்ல விரும்பவில்லையா என்பதைப் படத்திலிருந்து அறிய முடியவில்லை.